ஆறு வாரம் நீடித்த வீதி: பிரிட்டிஷ் சிட்காமில் தெருக்கலைஞர்களுக்கு ஏன் இடமில்லை?

லண்டன் கவென்ட் கார்டனில் உள்ள செயின்ட் பால் தேவாலயத்தின் தூண் முகப்பில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் ‘பஞ்ச்’ பொம்மலாட்டம் முதன்முதலில் நடந்தது இதன் அருகில்தான், 1662இல் சாமுவேல் பீப்ஸ் அதைப் பார்த்தார் என்கிறது அந்த வாசகம். கடற்படை அலுவலகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த பீப்ஸ், நாள்குறிப்பு எழுதியதால் இன்றும் நினைக்கப்படுபவர். அந்த ஆண்டு மே 9ஆம் தேதி, இத்தாலியப் பொம்மலாட்டம் ஒன்றைப் பார்த்ததாகவும் அதுவரை பார்த்தவற்றில் அதுவே சிறந்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார். இன்று அதே முகப்பின் முன்னால் ஒருவர் உயரமான ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறி நின்று கத்திகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கிறார். கீழே சுற்றுலாப் பயணிகள் வாயைப் பிளந்து நிற்கிறார்கள்.

ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டாகத் தொடரும் தொழில் இது. இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் தொலைக்காட்சி, எந்தத் தொழிலையும் விட்டுவைக்காமல் ‘சிட்காம்’ என்னும் நகைச்சுவைத் தொடராக்கிய ஊடகம். பஸ் டிரைவருக்கு ‘ஆன் த பஸஸ்’, துணிக்கடை ஊழியர்களுக்கு ‘ஆர் யூ பீயிங் சர்வ்ட்’, சிறைக் கைதிக்கு ‘பாரிட்ஜ்’, அமைச்சருக்கு ‘யெஸ் மினிஸ்டர்’ என்று ஆளுக்கொரு தொடர் கிடைத்தது. பழைய இரும்பு, கந்தல் பொறுக்குபவருக்குக்கூடக் கிடைத்தது. ஆனால் தெருவில் பாடுபவரையோ வித்தை காட்டுபவரையோ நடுவில் வைத்துப் பல ஆண்டுகள் ஓடிய சிட்காம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பக்கம் யாராவது எட்டிப் பார்த்திருந்தாலும், ஆறேழு வாரத்தில் கடையைக் கட்டிவிட்டுப் போவதுதான் அவர்களுக்கு விதித்திருக்கும். கலைஞர்களிடமோ எழுத்தாளர்களிடமோ சரக்கு இல்லாததால் இப்படி ஆனது என்று நான் நினைக்கவில்லை. சிட்காம் என்ற வடிவமே தெருவோடு ஒத்துப்போவதில்லை.

சிட்காம் எதை வைத்து ஓடுகிறது என்பதை ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ தொடரின் பிறப்பைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். 1961இல் டோனி ஹான்காக் என்ற பெரிய நகைச்சுவை நடிகர், தனக்குப் பல ஆண்டுகள் எழுதித் தந்த ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் இருவரையும் பிரிந்தார். பிபிசி அவர்களைக் கைவிடவில்லை. விருப்பப்படி அரைமணி நேர நாடகங்கள் எழுதுங்கள் என்று ‘காமெடி பிளேஹவுஸ்’ என்ற வரிசையைக் கொடுத்தது. அதில் 1962 ஜனவரி 5 அன்று ஒளிபரப்பானதுதான் ‘தி ஆஃபர்’. ஒரு கிழட்டுத் தகப்பன், கல்யாணமாகாத நடுவயது மகன், அவர்களின் பழைய சாமான் கிடங்கு, ஒரு குதிரை வண்டி. நாடகம் அவ்வளவுதான். மகன் ஹரால்டு, இனி உன்னோடு இருக்க மாட்டேன் என்று மூட்டை முடிச்சுகளை வண்டியில் ஏற்றிவிடுகிறான். குதிரையைத் தர அப்பா மறுக்கிறார். தானே இழுத்துப் பார்க்கிறான். வண்டி அசையவில்லை. உடைந்து அழுகிறான். அப்பா அவனை உள்ளே கூட்டிப்போகிறார், டீ போட்டுத் தருவதாக.

அந்த நகராத வண்டிதான் பிரிட்டிஷ் சிட்காமின் இலக்கணம். வெளியேறத் துடிக்கும் ஆள், வெளியேற முடியாத இடம். சிறைக்கூடமோ ஓட்டலோ அலுவலகமோ, எதுவாக இருந்தாலும் கதவு பூட்டியிருக்க வேண்டும். ஸ்டெப்டோக்கள் தெருத்தெருவாக அலைந்து பிழைப்பவர்கள்தான். ஆனாலும் நாம் அவர்களை அதிகம் பார்த்தது வீட்டுக்குள், அந்தக் குப்பைக் குவியல்களுக்கு நடுவில். தெரு அவர்களுக்குத் தொழில், நமக்கு ஒரு பின்னணி.

தெருப் பாடகரின் நிலை வேறு. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தால் அவர் கிளம்பிவிடலாம். அவரும் வறுமையில் கட்டுண்டவர்தான், கிளம்பினாலும் அடுத்த முக்குக்குத்தான் போவார். ஆனால் திரையில் தெரு சுதந்திரமாகத் தெரிகிறது. பார்ப்பவர் மனதில் “போய்விட வேண்டியதுதானே?” என்ற கேள்வி எழுந்துவிட்டால் சிட்காம் அங்கேயே படுத்துவிடும்.

தொலைக்காட்சி எழுத்தாளர் ஜான் சல்லிவன் இந்தச் சிக்கலுக்குச் சாமர்த்தியமாக விடை கண்டார். 1981 செப்டம்பரில் தொடங்கிய அவரது ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ நாயகன் டெல் பாய், உரிமம் இல்லாமல் தெருவோரம் பெட்டியைத் திறந்து வைத்து வியாபாரம் செய்பவன். லண்டன் சந்தைகளில் இவர்களை ‘ஃப்ளை பிட்சர்’ என்பார்கள். உண்மையில் இவர்களும் நிகழ்த்துகலைஞர்கள்தான். சத்தம் போட்டு ஆட்களை நிறுத்தி, நக்கல் பேசிச் சிரிக்க வைத்து, போலீஸ் தலை தெரிந்ததும் பெட்டியைச் சாத்திக்கொண்டு ஓட வேண்டும். டெல் பாய் இதையெல்லாம் செய்கிறான், ஆனால் அத்தியாயத்துக்கு ஓரிரு நிமிடம் மட்டும். மீதி நேரமெல்லாம் பெக்கம் பகுதி அடுக்குமாடி வீட்டில் தாத்தாவோடும் தம்பியோடும், இல்லாவிட்டால் நாக்ஸ் ஹெட் மதுக்கடையில். சல்லிவன் தெருக்கூத்தை அளவாகக் கிள்ளி எடுத்துக் குடும்பக் கதைக்குத் தாளிதமாகப் போட்டிருக்கிறார்.

அளவாக வைத்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அக்காலத்து பிபிசி சிட்காமின் வாரம் இப்படிப் போகும்: சில நாள் ஒத்திகைக் கூடத்தில் தரையில் நாடா ஒட்டிச் சுவர், கதவு எல்லாம் எங்கே என்று குறித்துப் பயிற்சி. கடைசி நாள் ஸ்டுடியோ. மாலையில் சில நூறு பேர் இலவச டிக்கெட்டில் வந்து உட்காருவார்கள். முதலில் ஒருவர் வந்து ஜோக் அடித்து அவர்களைச் சூடேற்றுவார். பிறகு நாடகம்போல வரிசையாகக் காட்சிகள், நாலைந்து எலெக்ட்ரானிக் கேமராக்கள். தெருக் காட்சிகளை இப்படி எடுக்க முடியாது. அவற்றை முன்கூட்டியே 16 மில்லிமீட்டர் பிலிமில் வெளியே எடுத்து வந்து, அன்று மாலை பார்வையாளர்களுக்குத் திரையில் போட்டுக் காட்டி, அவர்கள் சிரிப்பதைப் பதிவு செய்துகொள்வார்கள். பழைய தொடர்களைப் பார்ப்பவர்கள் கவனித்திருக்கலாம்: ஆள் கதவைத் திறந்து வெளியே போனதும் படத்தின் நிறமும் அசைவும் மாறும். உள்ளே வீடியோ, வெளியே பிலிம். அந்தத் தையல் எத்தனை நல்ல தொடரிலும் தெரியும்.

பிலிம் செலவு அதிகம். வெளியே மழை வரும், வெளிச்சம் போகும். ஆகவே ஒரு அத்தியாயத்துக்கு இவ்வளவுதான் வெளிப்புறம் என்று தயாரிப்பாளர் கையைக் கட்டிவிடுவார். தெருவிலேயே நடக்க வேண்டிய கதைக்கு இதைவிடக் கெட்ட ஏற்பாடு கிடையாது. பணத்தை விடப் பெரிய இடைஞ்சலும் ஒன்று இருக்கிறது. தெருக்கலைஞரின் திறமை முழுவதும், நிற்க வேண்டிய அவசியமே இல்லாதவரை நிற்க வைப்பதில் இருக்கிறது. படப்பிடிப்பில் அவரைச் சுற்றி நிற்பவர்கள் நாள் கூலி வாங்கிய துணை நடிகர்கள். ஸ்டுடியோவிலோ கதவு சாத்திய அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள். கூட்டத்தை நிறுத்திக் காசு வாங்க வேண்டியவரைக் காசு கொடுத்து நிறுத்திய கூட்டத்தின் நடுவே விட்டால், அவர் செய்வது வித்தையாக இருக்கலாம். அதிலிருந்த பதற்றம் போய்விடும்.

அந்தப் பதற்றத்துக்குத் தொழிலில் பெயரே இருக்கிறது. கவென்ட் கார்டன்காரர்கள் கூட்டத்தின் முதல் வளையத்தை ‘எட்ஜ்’, அதாவது விளிம்பு, என்பார்கள். விளிம்பு உருவானால்தான் மற்றவர்கள் வருவார்கள். வெறும் தரையைப் பார்த்து யாரும் நிற்பதில்லை, நிற்பவரைப் பார்த்துத்தான் நிற்பார்கள். அதனால் முதல் ஐந்து பத்து நிமிடம் உண்மையில் எந்த வித்தையும் நடக்காது. கயிற்றைப் போடுவார், எடுப்பார், ஒரு சிறுவனைக் கூப்பிடுவார், பக்கத்துக் கடைக்காரரைக் கேலி செய்வார். ஆடும் இடம் ‘பிட்ச்’. முடிவில் காசு கேட்டுப் பேசுவது தனிக்கலை. அதற்கு ஆளுக்கொரு வசனம் வைத்திருப்பார்கள். பஞ்ச் பொம்மலாட்டக்காரருக்கு வெளியே நின்று காசு வசூலிக்கும் கூட்டாளி ‘பாட்லர்’. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. வசூலிக்கிறவன் ஒரு கையில் புட்டியும் மறு கையில் உயிருள்ள ஈயும் வைத்திருக்க வேண்டுமாம். காசை எடுக்கக் கையைத் திறந்தால் ஈ பறந்துவிடும். உண்மையோ பொய்யோ, கூட்டாளியை எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு நல்ல சாட்சி.

இந்த மொழியை முதலில் விரிவாக எழுத்தில் பிடித்தவர் ஹென்றி மேஹ்யூ. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் ஏழைகளை நேரில் பேட்டி கண்டு அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பதிவு செய்த பத்திரிகையாளர் அவர். அவரிடம் ஒரு பஞ்ச் ஆட்டக்காரர், தங்களுக்குள் பேசும் ரகசிய பாஷையைப் பற்றிச் சொல்கிறார். பாதி இத்தாலியன், பாதி கண்டகண்ட சரக்கு. நாடோடிக் கலைஞர்களின் இந்தப் ‘பார்லியாரி’ பாஷையிலிருந்து பல சொற்கள் ‘பொலாரி’க்கு வந்தன. அது நாடகக்காரர்களும், தன்பாலின உறவு குற்றமாக இருந்த காலத்தில் அந்த உறவை நாடிய ஆண்களும் பேசிய குழூஉக்குறி. 1965இல் பிபிசி வானொலியில் தொடங்கிய ‘ரவுண்ட் த ஹார்ன்’ நிகழ்ச்சியில் ஜூலியன், சாண்டி என்ற இரு பாத்திரங்கள் அந்தச் சொற்களை வாரந்தோறும் கொட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு சாப்பிட்டபடி கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. எழுதியவர்கள் பேரி டுக், மார்ட்டி ஃபெல்ட்மன். என் கணக்கில், பிரிட்டிஷ் ஒலிபரப்பில் தெருக்கலைஞர்களின் சொத்து உயிரோடு வந்து சேர்ந்தது இங்கேதான். வானொலிக்குத் தெருவைக் கட்ட வேண்டியதில்லை, பேச்சு போதும்.

சட்டத்தோடு அவர்களுக்கு இருந்த தகராறும் நகைச்சுவைக்கு அருமையான தீனிதான். கணினியின் முன்னோடி என்று நாம் கொண்டாடும் சார்லஸ் பாபேஜ், தெருவில் வாத்தியப்பெட்டி சுழற்றுபவர்களை ஜென்மப் பகையாளியாக நினைத்தார். அவர்களை விரட்டப் போலீசைக் கூப்பிட்டு அலைந்தார். அது தெரிந்ததும் அவர் வீட்டு வாசலுக்கே வந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். மைக்கேல் பாஸ் என்ற மது ஆலை அதிபர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து 1864இல் கொண்டுவந்த சட்டம், வீட்டுக்காரர் சொல்லியும் நகராத தெரு இசைக்காரருக்கு அபராதம் விதிக்க வழி செய்தது. சத்தம் தாங்காத எழுத்தாளர்களும் ஓவியர்களும் அதற்கு ஆதரவாகக் கையெழுத்திட்டார்கள், டிக்கன்ஸ் உட்பட. சாராயம் விற்றுக் காசு பார்த்தவர் தெருவின் அமைதிக்காகப் பாடுபட்ட முரண் அப்போதே கிண்டலுக்கு ஆளாகியிருக்க வேண்டும். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் வாசிக்க முறையான உரிமம் தரும் திட்டம் வந்ததோ 2003இல்தான். அதுவரை அங்கே கிட்டார் வாசித்தவர்கள் ஒரு கண்ணை எப்போதும் படிக்கட்டில் வைத்திருந்தார்கள்.

இவ்வளவு சரக்கு இருந்தும் தொலைக்காட்சி தடுமாறிய இடத்தில் சினிமா சுலபமாக நடந்துபோனதைப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும். 1938இல் வெளியான ‘செயின்ட் மார்ட்டின்ஸ் லேன்’ படத்தில் சார்ல்ஸ் லாட்டன் ஒரு தெருக்கலைஞர். நாடகக் கொட்டகைகளின் வாசலில் டிக்கெட்டுக்காக வரிசையில் நிற்பவர்கள்தான் அவர் பார்வையாளர்கள். விவியன் லீ அவர் குழுவில் சேரும் திருட்டுப் பெண். அவள் மேடை நட்சத்திரமாகிறாள், அவர் தெருவிலேயே நிற்கிறார். தெருக்கலைஞர் கதை என்றால் இயல்பாக வந்து விழும் கதைப்போக்கு இதுதான்: யாரோ ஒரு நாள் கண்டெடுப்பார்கள். நிஜ வாழ்விலும் நடந்தது. முதுகில் பெரிய டிரம், கையில் கிட்டார், வாயருகே மவுத் ஆர்கன் என்று தனியாளாகப் பல வாத்தியம் வாசித்த டான் பார்ட்ரிட்ஜ் 1968இல் ‘ரோசி’ என்ற பாட்டால் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதல் ஐந்துக்குள் வந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தெருக்கலைஞர்களைத் திரட்டி ராயல் ஆல்பர்ட் ஹாலிலேயே கச்சேரி நடத்தினார். ஆனால் கண்டெடுக்கப்படும் கதையை ஒரு முறைதான் சொல்ல முடியும். சிட்காமில் வியாழக்கிழமை நடந்த எதுவும் அடுத்த வியாழக்கிழமைக்குள் அழிந்துபோயிருக்க வேண்டும். நாயகன் முன்னேறினால் தொடர் முடிந்தது. முன்னேறவே மாட்டான் என்று வாராவாரம் காட்டினாலோ, மழையில் நனைந்துகொண்டு நிற்கும் ஒருவனைப் பார்த்து எத்தனை வாரம் சிரிப்பது?

சிரிக்கலாம், அவனைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்தால். ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும் எழுதிய ‘ஹை-டி-ஹை’ அதைத்தான் செய்தது. 1980 புத்தாண்டு நாளில் முன்னோட்ட அத்தியாயம் வந்து, 1988 வரை ஓடிய தொடர். 1950களின் முடிவில் ஒரு கடற்கரை விடுமுறை முகாம்; அதில் கேளிக்கை காட்டப் பணியமர்த்தப்பட்ட, வாய்ப்பிழந்த கலைஞர்கள். அவர்களில் ஒருவர் மிஸ்டர் பார்ட்ரிட்ஜ். லெஸ்லி ட்வையர் நடித்த இந்தப் பஞ்ச் ஆட்டக்காரருக்குக் குழந்தைகளைக் கண்டாலே ஆகாது. எந்நேரமும் போதை. தெருவிலும் கடற்கரையிலும் அலைய வேண்டிய ஆளை மாதச் சம்பளத்துக்குள் பூட்டி, பிடிக்காத குழந்தைகள் முன்னால் தினமும் நிறுத்திவிட்டார்கள். ஹரால்டின் வண்டி மறுபடியும் நகராமல் நிற்கிறது. பெர்ரி பட்லின்ஸ் என்ற நிறுவனத்தின் விடுமுறை முகாம் ஒன்றில் பணியாற்றியவர் என்பதால் அந்தக் கசப்பு கைக்கடக்கமாக இருந்தது. இத்தனைக்கும் பார்ட்ரிட்ஜ் ஒரு பக்கப் பாத்திரம்தான். அவரையே நடுவில் வைத்திருந்தால் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். ஹான்காக் 1963இல் ‘தி பஞ்ச் அண்ட் ஜூடி மேன்’ என்ற படத்தில் அப்படி ஓர் ஆட்டக்காரராகவே நடித்தார். மெல்லிய சோகம் படிந்த படம், இன்று ரசிக்கலாம். அன்று எடுபடவில்லை.

இனி ஆறு வாரக் கணக்கு. அமெரிக்க சிட்காம் ஒரு பருவத்துக்கு இருபதுக்கு மேல் அத்தியாயம் செய்யும், அதற்கு ஒரு அறை நிறைய எழுத்தாளர்கள் இருப்பார்கள். பிரிட்டனில் ஒருவரோ இருவரோதான் முழுவதையும் எழுதுவார்கள். ஆறு அல்லது ஏழு அத்தியாயம் ஒரு வரிசை. ஜான் கிளீசும் கானி பூத்தும் எழுதிய ‘ஃபால்டி டவர்ஸ்’ 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தமே பன்னிரண்டு. ஆகவே அந்த ஊரில் சிறிதாக இருப்பது தோல்விக்கு அடையாளம் கிடையாது. முதல் ஆறு முடிந்ததும் மேலிருந்து ஒருவர் தலையசைக்க வேண்டும், அவ்வளவுதான். ‘ஒன்லி ஃபூல்ஸ்’ முதல் வரிசையைப் பெரிய கூட்டம் பார்க்கவில்லை. மறு ஒளிபரப்பில்தான் சூடு பிடித்தது. 1996 கிறிஸ்துமஸ் சமயத்தில் அதே தொடரை 2 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். விளிம்பு சேரும்வரை காத்திருந்ததற்குக் கிடைத்த காசு.

தலையசைப்பு கிடைக்காதவை என்ன ஆயின? பெரும்பாலும் நாடாவோடு போயின. இரண்டங்குல வீடியோ நாடா விலை அதிகம், அழித்து மறுபடி பயன்படுத்தலாம். நடிகர் சங்கம், இசைக்கலைஞர் சங்கம் ஆகியவற்றோடு இருந்த ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்புக்கு வரம்பு கட்டின. 1969 நவம்பரில் பிபிசி 1, தனியார் அலைவரிசையான ஐடிவி இரண்டும் வண்ணத்துக்கு மாறியபின் கறுப்பு வெள்ளைச் சரக்கை வாங்க ஆளில்லை. 1970களின் இறுதியில் பிபிசி முறையான நூலக ஏற்பாட்டுக்கு வரும்வரை அழிப்பு நடந்தது. ஐடிவி நிலைமை இன்னும் சிக்கல். அது பல வட்டார நிறுவனங்களின் கூட்டு. 1968இல் உரிமங்கள் கைமாறியபோது கிடங்குகளும் கைமாறின. புகழ்பெற்றவையே தப்பவில்லை. நகைச்சுவைக் கலைஞர் பீட்டர் குக், தன் சொந்தக் காசில் நாடா வாங்கித் தருகிறேன், ‘நாட் ஒன்லி... பட் ஆல்சோ’வை அழிக்காதீர்கள் என்று கேட்டும் பிபிசி மறுத்தது. எண்பது அத்தியாயம் ஓடிய ‘டாட்ஸ் ஆர்மி’யில் மூன்று இன்னும் கிடைக்கவில்லை. ‘ஸ்டெப்டோ’வின் வண்ண அத்தியாயங்கள் சில, எழுத்தாளர்களுக்கென்று எடுத்துக் கொடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதிகளாக மட்டும் தப்பின. பிபிசியின் முதல் சிட்காமான ‘பின்ரைட்ஸ் புரோக்ரஸ்’ 1946இல் நேரலையாகப் போனது, பதிவே கிடையாது. இவற்றுக்கே இந்தக் கதி என்றால், ஆறு வாரம் ஓடி யாரும் கண்டுகொள்ளாத தொடருக்காக யார் அலமாரியில் இடம் ஒதுக்கியிருப்பார்கள்?

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 1993 முதல், தொலைந்து கிடைத்த பழைய நிகழ்ச்சிகளைத் திரையிட்டு வருகிறது. யாரோ ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து வந்த பிலிம் சுருள், எவரோ தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் மைக்கை வைத்துப் பதிந்த ஒலிநாடா என்று ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கிறது. ‘டாட்ஸ் ஆர்மி’யின் காணாமல் போன அத்தியாயம் ஒன்றின் ஒலி அப்படிக் கிடைத்து, 2016இல் அதற்கு அசைபடம் வரைந்து சேர்த்தார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது, ஏனென்றால் அது பேச்சை நம்பிய நகைச்சுவை. பந்து வீசிப் பிடிக்கும் ஒருவரின் காட்சிக்கு அப்படி ஒலி மட்டும் கிடைத்தால் நாம் கேட்கப் போவது ஸ்டுடியோவில் சில நூறு பேர் சிரிக்கும் சத்தத்தை. எதற்குச் சிரித்தார்கள் என்பதை வரைய யாரிடமும் ஒரு குறிப்பும் இருக்காது.